சொட்டு மருந்துக்கு ஒரு துணை

தென்னூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி. வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். இருவரும் தனியாக வந்தவர்கள். முதலில் நின்ற பெரியவரிடம் நர்ஸ் கத்தினாள்.

"சொட்டு மருந்து போட்டா சாயங்காலம் வரைக்கும் கண்ணு மங்கலாத்தான் தெரியும். கூட யாரு வந்திருக்கா?"

பெரியவர் சட்டென்று பின்னால் நின்றவரைக் காட்டினார். "இவரு என் தம்பிங்க."

அந்த ஆள் ஒரு கணம் விழித்தார். பிறகு, "ஆமாங்க, அண்ணன்தான்" என்றார்.

"சரி, உங்களுக்கு யாரு துணை?"

"அண்ணன்தாங்க."

"ரெண்டு பேருக்கும் மருந்து போட்டா யாரு யாரைக் கூட்டிட்டுப் போறது? ஸ்ரீரங்கம் பஸ்ஸுன்னு நெனச்சு லாரியில ஏறுவீங்களா?"

வரிசையே சிரித்தது. துணைக்கு ஆள் இருந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவருக்கு இன்னிக்குப் போடுங்க. நான் நாளைக்கு வரேன்" என்றார் பின்னால் நின்றவர்.

"நாளைக்கு மட்டும் உங்களுக்கு யாரு இருக்கா?"



"நான் வரேம்மா" என்றார் பெரியவர். பிறகு பின்னால் நின்றவர் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உங்க பேரு என்ன தம்பி?"