வராந்தா வரிசை

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் விசாரணை அலுவலக வராந்தாவில் ஆட்களை உட்கார வைக்கிற விதம் சரியில்லை. யார் முதலில் வந்தார், யார் கடைசி என்று யாருக்கும் தெரியவில்லை. வாசலில் நிற்கிற காவலர் கண்ணில் பட்டவரை உள்ளே அனுப்புகிறார். என்னிடம் விட்டால் அரை மணியில் ஒழுங்குபடுத்திவிடுவேன். ஆஸ்பத்திரியில் என் வேலையே அதுதான். ஒரு டம்ளர் தண்ணீர் சொல்லி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் மாத்திரை போட வேண்டும்.

இதய நோய்ப் பிரிவில் ஆராய்ச்சி நர்ஸ் நான். இதயம் பலவீனமாகி, கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு ஏற்கனவே ஒரு பழைய மாத்திரை உண்டு. புதிதாக ஒன்று வந்தது. எது மேல் என்று பார்க்க வேண்டும். பாதிப் பேருக்குப் பழையது, பாதிப் பேருக்குப் புதியது. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கும். சீட்டுகளை முன்பே குலுக்கி, உறையில் போட்டு ஒட்டி, எண் எழுதி என் மேஜைக்கு அனுப்பியிருந்தார்கள். நோயாளி ஒருவர் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டதும் மேலே இருக்கும் உறையை நான் பிரிக்க வேண்டும். அவ்வளவுதான். பழக்கினால் ஒரு குரங்குகூடச் செய்துவிடும்.

இதற்கு ஒரு வகுப்பு வேறு எடுத்தார்கள். எடுத்தவர் என் மகனைவிடச் சின்னவர். நாங்கள் அவரைக் கணக்கு வாத்தியார் என்போம்.

"மனுஷன் தேர்ந்தெடுத்தா தன்னை அறியாமலே ஒரு பக்கம் சாய்ஞ்சுடுவான் சிஸ்டர். அதுக்குத்தான் குலுக்கல். நமக்குத் தெரியாத வித்தியாசம்கூட ரெண்டு பக்கமும் சமமாக் கலந்துடும்" என்றார்.

நமக்குத் தெரியாத வித்தியாசமாம். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவருக்கு நோயாளி என்றால் ஓர் எண். எனக்கோ ஓர் ஆள் வராந்தாவில் நடந்து வருகிற சத்தத்திலேயே தெரிந்துவிடும், இவர் வேளை தவறாமல் மாத்திரை போடுவாரா, பாதியில் விட்டுவிட்டு நம் தலையில் பழியைப் போடுவாரா என்று. எனக்குத் தெரியாத வித்தியாசம் என்று எதுவும் கிடையாது.

பாத்திரம் அறிந்து பிச்சை போடு என்பார்கள். உப்பைக் குறை என்றால் தலையை ஆட்டிவிட்டு வீட்டில் போய் அள்ளிப் போட்டுக்கொள்கிறவனுக்கு ஒரு நல்ல மருந்தைக் கொடுப்பது விழலுக்கு இறைத்த நீர். அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிட்டு விஞ்ஞானம் என்று பெயர் வைத்தால் சரியாகிவிடுமா?

உறை மட்டமான தாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இருக்கிற எழுத்து தெரிந்தது. ஆனால் இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்: ஓர் உறையைக்கூட நான் மாற்றவில்லை. அடுக்கியிருந்த வரிசைப்படியேதான் பிரித்தேன். நான் மாற்றியது வராந்தாவை. அடுத்த உறையில் புதியது இருந்தால், மாத்திரைகளை டப்பாவில் கிழமை வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, மகளோடு மாடிப்படி ஏறி வந்த ஓய்வுபெற்ற ஆசிரியரைக் கூப்பிடுவேன். பழையது இருந்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமுகிற லாரி டிரைவரை. அதுவரைக்கும் அவரிடம், "உங்க ரத்த ரிசல்ட் இன்னும் வரலை, உட்காருங்க" என்றால் போதும். உறைகளுக்குப் பூட்டு, சாவி, கையெழுத்து எல்லாம் வைத்திருந்தார்கள். நாற்காலிகளை ஒருவரும் கவனிக்கவில்லை. அத்தனை பேரும் படித்தவர்கள்.

டிரைவரின் மனைவி ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சிஸ்டர், இவருக்குப் புதுசு கெடைச்சுடுமா? கேக்கவே பயமா இருக்கு."

"அது குலுக்கல்மா. நம்ம கையில என்ன இருக்கு?" என்றேன். அப்போதுதான் புது மாத்திரை இருந்த ஓர் உறையை அவர் தலைக்கு மேலே தாண்டவிட்டு வேறொருவரை உள்ளே அனுப்பியிருந்தேன்.

புது மாத்திரை அமோகமாக ஜெயித்தது. பழைய பக்கத்தில் ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். நான் எதிர்பார்த்ததுதான், வந்தபோதே அவர்கள் முகத்தில் எழுதியிருந்தது. பெரிய டாக்டர் மேடை மேடையாக ஏறிப் பேசினார். எனக்கும் ஒரு கேடயம் கொடுத்தார்கள். புதுப் பக்கத்தில் இருந்தவர்கள் ஆரம்பத்திலேயே படியேறக்கூடியவர்கள், மற்றவர்கள் ஏற முடியாதவர்கள் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஜெயித்த வீட்டில் யார் கணக்குக் கேட்பார்கள்? மாத்திரை எல்லா ஊர்களுக்கும் போயிற்று. படியேற முடியாதவர்களுக்கும் போயிற்று.

பிறகு வேறோர் ஊர் ஆஸ்பத்திரி அதே ஆராய்ச்சியைத் திரும்பச் செய்தது. அங்கே உறை கிடையாது. ஆளைப் பதிந்து முடித்த பிறகுதான் கம்ப்யூட்டர் வாயைத் திறக்கும். அங்கே புது மாத்திரை போட்டவர்கள்தான் அதிகம் செத்தார்கள். களைத்த மாட்டைச் சாட்டையால் அடித்து ஓட்டுகிற மாதிரி அது இதயத்தை ஓட்டுகிறதாம். தெம்புள்ள இதயம் தாங்கிக்கொள்ளும், நைந்தது விழுந்துவிடும். கணக்கு வாத்தியார் எனக்குப் போன் செய்தார்.

"சிஸ்டர், உறையெல்லாம் வரிசையாத்தானே பிரிச்சீங்க?"

"ஒண்ணுகூட மாறலை சார்."

உண்மையைத்தான் சொன்னேன். "அப்ப அவங்க பக்கம்தான் ஏதோ தப்பு" என்று நிம்மதியாக வைத்துவிட்டார். மனிதர்களை நம்பக் கூடாது என்று வகுப்பெடுத்தவர், ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு என்னை நம்பினார். அவர் படிப்பின் லட்சணம் அது.

அந்த வாரம்தான் என் தங்கை வந்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. படியேற முடியாமல் கீழே நின்றபடியே கூப்பிட்டாள். தலை வாரவில்லை, செருப்பு ஜோடி மாறியிருந்தது. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். வாயில் எதுவும் தங்காது.

"அக்கா, டாக்டர் புது மாத்திரை எழுதியிருக்கார். நீ வேலை பாத்த ஆராய்ச்சியாமே! நீ சொன்னாத்தான் போடுவேன்."

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். காரணம் சொன்னால் மறுநாள் ஊருக்கே தெரிந்திருக்கும்.

"போடு. நல்ல மருந்து" என்றேன்.

"உன்னை மாதிரி ஒருத்தி இருக்கறது எவ்வளவு தைரியம் தெரியுமா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த மாதம் தாண்டவில்லை.

அதற்கும் அவளேதான் காரணம். ஒரு வேளை விட்டு மறுவேளை இரண்டாகப் போட்டிருப்பாள். அவள் என் வராந்தாவுக்கு வந்திருந்தால் பார்த்தவுடனே பழைய பக்கம் தள்ளியிருப்பேன். லாரி டிரைவரை அப்படித்தான் தள்ளினேன். அவர் இன்னும் இருக்கிறார். போன மாதம்கூட மனைவியோடு வந்து எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

ஆக, ஆட்களைத் தேர்ந்தெடுத்தது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். ஆனால் மருந்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். மருந்து நல்ல மருந்து. வாங்கிக்கொள்கிற உடம்புக்குத் தகுதி வேண்டும்.

தண்ணீர் வந்துவிட்டது, நன்றி. எனக்கும் கொஞ்ச நாளாகக் கால் வீக்கம், படியேறினால் மூச்சு வாங்குகிறது. மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பெயரைப் படிக்கிறீர்கள். ஆமாம், பழையதுதான். டாக்டர் முதலில் புதியதைத்தான் எழுதினார். கணக்கு வாத்தியாரின் போன் வந்த மறுநாளே நான் மாற்றித் தரச் சொல்லிவிட்டேன். தங்கை கீழே நின்று கூப்பிட்டாளே, அன்று காலையிலும் இதைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.