சுற்றுலாப் பயணி அந்தோணி

முதலில் வெளிச்சம். அப்புறம்தான் சத்தம். தகரத்தைக் கிழிப்பது மாதிரி. ஓடுகிறோம். காலில் செருப்பு இல்லை. எனக்கு முன்னால் அந்தோணி ஓடுகிறான். என் தங்கச்சி புருஷன். தலையை நிமிர்த்திக்கொண்டு ஓடுகிறான்.

"தலையைக் குனிங்க சார்!"

கத்தியது நான்தான். பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிறவன் நான். சுரபுன்னைக் கிளை தாழ்ந்து வந்தால் டூரிஸ்டுகளைப் பார்த்து இப்படித்தான் கத்துவேன். குண்டு விழும்போதும் வாயில் அதுதான் வந்தது. படித்தவனாக இருந்தால் வேறு ஏதாவது வந்திருக்கும். அந்தோணி குனிந்தான். தலைக்கு மேல் ஏதோ போனது. சுவரில் சொருகியது.

குப்புறப் படுத்தபடி கேட்கிறான். "மரியாத குடுக்க இதான் நேரமாடா மச்சான்?"

அது ஒரு துறைமுக ஊர். நாங்கள் அங்கே மூட்டை தூக்கினோம். பாஸ்போர்ட்டில் மட்டும் சுற்றுலாப் பயணிகள்.

நான் எட்டாவதோடு நின்றவன். அதுவும் பள்ளிக்கூடத்துக்குச் செய்த உதவி. அந்தோணி எனக்கும் கீழே. பத்தாவது தேறாதவன் வெளிநாட்டு வேலைக்குப் போனால் ஏமாந்துவிடுவான் என்று சர்க்காருக்குக் கவலை. சம்பளம், கம்பெனி, இன்சூரன்ஸ் எல்லாம் சரிபார்த்துத்தான் விடும். நல்ல சட்டம். என்மேல் இவ்வளவு அக்கறை என் பெண்டாட்டிக்கே கிடையாது. ஆனால் எந்தக் கம்பெனியும் அதற்குக் கையெழுத்துப் போடவில்லை. கையெழுத்துக் கேட்காமல் வருகிற ஆளுக்கா அவர்களுக்குப் பஞ்சம்?

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஏஜெண்டு. "வேலைக்குன்னு சொன்னாதான மாமா செக் பண்ணுவான்? சுத்திப் பாக்கப் போறோம்னு சொல்லுங்க."

அதில் நான் கில்லாடி. டூரிஸ்டுகளைப் பார்த்தே வளர்ந்தவன். இரண்டு தொப்பி, இரண்டு கூலிங் கிளாஸ் வாங்கினேன். எங்கள் ஊர் கிள்ளையில் வைத்து அந்தோணிக்குப் பாடம் எடுத்தேன். எதைப் பார்த்தாலும் போட்டோ எடு. எந்த விலை சொன்னாலும் ஜாஸ்தி என்று சொல்லு. ஏர்போர்ட்டில் அதிகாரி எங்கள் கையைப் பார்த்தார். காய்ப்பு. தொப்பியைப் பார்த்தார். சிரித்தார். முத்திரை குத்தினார். அவருக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

குண்டு விழுந்த மறுநாள் காலை. புகை. நம் நாட்டுக் கொடி கட்டிய பஸ் வருகிறது. கூட்டம் ஓடுகிறது. "ஏறுங்க! சீக்கிரம்!" ஏறப் போகிறோம். பாஸ்போர்ட்டைப் பார்த்தவர் கையைக் குறுக்கே வைக்கிறார்.

"நீங்க விசிட்டருங்க. இது பதிவு பண்ண தொழிலாளிங்களுக்கு. நீங்க ரிட்டர்ன் டிக்கெட்ல போங்க."

விமான நிலையம் அவருக்குப் பின்னால் எரிகிறது.

அந்தோணி இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். "இந்தக் கையப் பாருங்க சார். இது சுத்திப் பாக்க வந்த கையா?"

கதவு சாத்தப்பட்டது. பஸ்ஸில் இடம் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருந்தது.

திரும்பி நடக்கிறோம். மறுபடி வெளிச்சம்.

"தலையைக் குனிங்க சார்!"

குனிந்தான். சொன்னபடி குனிந்தான். கிளை மேலே இருந்து வரும். இது பக்கத்திலிருந்து வந்தது.

அங்கேயே புதைத்தோம். அடுத்து வந்த பஸ்ஸில் யாரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை.

ஊர் வந்ததும் கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு என் தங்கச்சி லூர்துவைக் கூட்டிப் போனேன். அதிகாரி கெட்டவர் இல்லை. ஃபேன் போட்டார். தண்ணீர் கொடுத்தார்.

"முறையா போயிருந்தா இன்சூரன்ஸ் கெடச்சிருக்கும்மா. உங்கள மாதிரி ஆளுங்களக் காப்பாத்தத்தான் அந்தச் சட்டமே. நல்லா வேலை செய்யுது பாருங்க. பத்தாவது முடிக்காத ஒருத்தர்கூட அந்த நாட்டுக்கு வேலைக்குப் போகல."

லூர்து நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப எம்புருஷன் அங்க என்னத்த சார் சுத்திப் பாத்தாரு?"

அதிகாரி ஃபேனைக் கூட்டி வைத்தார். அந்தச் சத்தம் எனக்கு ஒரு பக்கம்தான் கேட்டது.

இப்போது மறுபடி படகு ஓட்டுகிறேன். கிளை வந்தால் சார்களுக்குக் கையைத்தான் காட்டுகிறேன். அந்த வாக்கியம் வாயில் வருவதில்லை.

போனவற்றைச் சொல்கிறேன். என் இடது காது. இரண்டு தொப்பி. லூர்துவின் புருஷன் அந்தோணி.

சர்க்கார் கணக்கில் அங்கே செத்த தொழிலாளி யாரும் இல்லை.