கல் எது, கிழங்கு எது

— துப்புங்க மாஸ்டர், துப்புங்க! அது நிஜக் கல்லு!

— துப்பிட்டேன் ஸ்டூடியோ. ஆனா கூடவே இன்னொண்ணும் வந்துடுச்சு. நீதான் போட்டோ எடுக்கிற கண்ணாச்சே, பார்த்துச் சொல்லு. இது கல்லோட துண்டா, என் கடைவாய்ப் பல்லோட துண்டா?

— பல்லை அடைச்சு வெச்சிருந்த சிமெண்ட் மாதிரி தெரியுது. ஏன் மாஸ்டர் எடுத்ததும் வாயில போட்டீங்க? தட்டை வெக்கும்போதே அந்தப் பொண்ணு சொல்லிச்சே. "இதுல கல்லும் இருக்கு, கல்லு மாதிரியே சுட்ட கிழங்கும் இருக்கு, எது எதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் சார் அனுபவம்"னு.

— அது சொல்லும்போது நான் வாசலைப் பார்த்துட்டிருந்தேன்.

— அதைத்தான் கேக்கறேன். வந்ததுலேர்ந்து வாசலையே பார்த்துட்டிருக்கீங்க. நாம ரெண்டே பேர், நாற்காலி மூணு போட்டிருக்கு.

— அது பை வெக்கறதுக்கு.

— நம்மகிட்ட பை ஏது?

— ஸ்டூடியோ, நான் ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது. முதல்ல கையில இருக்கிற முள்கரண்டியைக் கீழ வை.

— வெச்சாச்சு.

— கத்தியையும்.

— யாரைக் கூப்பிட்டிருக்கீங்க மாஸ்டர்?

— பிரஸ் அக்காவை.

— ஓ.

— என்ன ஓ? "அந்தம்மா நிக்கிற பக்கம் நான் தலைவெச்சுக்கூடப் படுக்க மாட்டேன்"னு போன வாரம்தானே என் கையைப் பிடிச்சுச் சொன்ன? இப்ப ஓவாம், ஓ!

— ஆமா, சொன்னேன். எனக்குக் கோவம் மாஸ்டர். ரொம்பக் கோவம். அந்தம்மாவோட ஒரே மேஜையிலயா? சேச்சே!

— மூஞ்சியில ஒண்ணும் தெரியலையே?

— இங்க வெளிச்சம் கம்மி மாஸ்டர்.

— அது உண்மைதான். இந்தக் கடையில எனக்கு என் கையே தெரியல. சூப்பை ஏதோ லேபு மாதிரி கண்ணாடிக் குழாயில ஊத்திக் கொடுக்கிறாங்க. முன்னாடி ஒரு மூடியைத் திறந்தா வெறும் புகை வருது. "சாப்பாடு எங்கேம்மா"ன்னு கேட்டா, "அதுதான் சார் இது"ங்குது. எதுக்குமே ஒரு நேரான பதில் இல்ல.

— பின்ன ஏன் மாஸ்டர் இங்க வந்தோம்?

— என்கிட்ட வண்டி பழகற பொண்ணு ஒண்ணு சொல்லிச்சுய்யா. "சார், ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே ஒட்டாத பொருளா பார்த்து எடுத்து ஒரே தட்டுல சேர்த்துடுவாங்க சார், சாப்பிட்டா அவ்ளோ நல்லா இருக்கும்"னு. அங்கேயே எனக்குப் பொறி தட்டிடுச்சு. ஐஸ்கிரீமையும் மிளகையும் சேர்க்கத் தெரிஞ்சவங்களுக்கு உன்னையும் அக்காவையும் சேர்க்கத் தெரியாதா?

— வர்றாங்க மாஸ்டர்.

— வந்துட்டாங்களா? எந்திரிக்காத. சிரிக்காத. முறைக்கவும் முறைக்காத. நியூட்ரல்ல இரு... வாங்கக்கா, வாங்க வாங்க!

— என்ன தம்பி இது? "நீயும் நானும்தான், பேசி நாளாச்சு, ஒரு வாய் சாப்பிடலாம்"னு கூப்பிட்டுட்டு, இந்த ஆளை உட்கார வெச்சிருக்க?

— அக்கா, உங்க காலைப் பிடிச்சுக்கறேன். உட்காருங்க. பிடிக்கலைன்னா நானே வண்டியில கொண்டுபோய் வீட்டு வாசல்ல இறக்கிடறேன்.

— இந்த ஆளு பக்கத்துல நான் உட்கார மாட்டேன், கேட்டியா? எதிர்ல உட்காரறேன்.

— எதிர்ல உட்கார்ந்தா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் இவன் மூஞ்சியைப் பார்க்கணுமேக்கா.

— அதுவும் சரிதான். அப்ப பக்கத்துலயே உட்காரறேன். தள்ளி உட்காரச் சொல்லு.

— தள்ளிட்டேன்க்கா... தள்ளிட்டேன்னு சொல்லுங்க மாஸ்டர், அந்தம்மாகிட்ட.

— இப்ப "அக்கா"ன்னு சொன்னியா நீ?

— வாய் தவறிடுச்சு மாஸ்டர். அந்தக் குழாய் சூப்புல என்னமோ கலந்திருக்காங்க.

— சரி, ரெண்டு பேரும் கேளுங்க. வர்ற வழியெல்லாம் சிக்னல் சிக்னலா மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன், மறக்கறதுக்குள்ள சொல்லிடறேன். ஒரே வராந்தாவுல மூணு கடை நம்மளுது. அந்தக் கோடியில அக்காவோட அச்சகம், இந்தக் கோடியில இவன் ஸ்டூடியோ, நடுவுல என் டிரைவிங் ஸ்கூல். ஒரே பிளாஸ்க்ல மூணு பேரும் டீ குடிச்சோம். அக்கா பொண்ணு கல்யாணத்தோட அது போச்சு. ஏன் போச்சு? பொண்ணும் மாப்பிள்ளையும் கையைப் பிடிக்கிற அந்த ஒரே ஒரு நிமிஷத்துல இந்த மகானுபாவன் கேமராவுக்கு பேட்டரி மாத்திட்டிருந்தான்.

— பந்தியில மட்டும் நாப்பது படம் தம்பி! என் சம்பந்தி வாயைத் திறந்தது, மூடினது, மறுபடி திறந்தது எல்லாம் இருக்கு. கல்யாணம் மட்டும் இல்ல!

— அதுக்காக மண்டபத்துக்கே கேக்கற மாதிரி "இவன் போட்டோகிராபர் இல்ல, கேமரா மாட்டி வெச்ச கம்பம்"னு சொல்லலாமா மாஸ்டர்? இன்னிக்கும் தெருவுல கம்பத்தைப் பார்த்தா எனக்குச் சுருக்குங்குது.

— ஆ! இப்படி அடிச்சுக்கங்க, அதுதான் ஆரோக்கியம். நான் சொல்ல வந்தது என்னன்னா, உங்களுக்கு நடுவுல ஓடி ஓடி என் டயரு தேஞ்சுபோச்சு. அக்கா ஒரு கூடை திட்டுவாங்க, நான் வடிகட்டி ஒரு கரண்டியா இவன்கிட்ட சொல்லுவேன். இவன் ஒரு கூடை திட்டுவான். "வருத்தப்பட்டான்க்கா"ன்னு உங்ககிட்ட சொல்லுவேன்.

— எல்லாம் தெரியும் தம்பி. நீ வடிகட்டினது எங்களுக்கு...

— உங்களுக்கு?

— எனக்கு. எனக்குத் தெரியும்னேன். சாப்பிடு. கல்லு எதுன்னு பார்த்துச் சாப்பிடு.

— அந்தக் கண்ணாடி கிண்ணத்தை இந்தப் பக்கம் தள்ளுங்க மாஸ்டர்.

— இரு. அதுல சர்க்கரைப் பாகு இருக்கு, நீ தொடாத. ராத்திரி மாத்திரை போட்டாச்சா இல்லையா?

— போட்டுட்டேன்க்கா. உங்களுக்குப் புதுக் கண்ணாடி பழகிடுச்சா? தலைவலி நின்னுச்சா?

— நிறுத்துங்க. ரெண்டு பேரும் வண்டியை ஓரமா நிறுத்துங்க. இவனுக்குச் சர்க்கரை வந்ததே ஆறேழு மாசமாத்தான், அதை நான் யார்கிட்டயும் சொல்லல. அக்கா புதுக் கண்ணாடி போட்டது எனக்கே இப்பத்தான் தெரியுது. இவனுக்குத் தலைவலி வரைக்கும் எப்படித் தெரியும்?

— மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா மாஸ்டர்?

— வெளிச்சம் கம்மின்ன?

— ஒரே வராந்தாதானே தம்பி, காத்துல வரும் செய்தி. அதை விடு. என் பேரனைப் பாரு, போன்ல புதுப் படம். முன்பல்லு வந்துடுச்சு பாரு, நமக்கெல்லாம் விழற வயசுல.

— கொடுங்க. அடடா... அடடடா. சிரிப்பைப் பாரு. என்னமா எடுத்திருக்கான்... அக்கா.

— என்ன?

— கொழந்தை உட்கார்ந்திருக்கிற நாற்காலி.

— அதுக்கு என்ன?

— வலது கால்ல கம்பி சுத்தியிருக்கு. அந்தக் கம்பியை நான்தான் சுத்தினேன். என் பழைய காரோட கிளட்ச் கம்பி அது. இது ஸ்டூடியோவோட நாற்காலி.

— அது வேற ஸ்டூடியோ தம்பி.

— வேற ஸ்டூடியோவுல என் கிளட்ச் கம்பியா?

— மாஸ்டர், அடுத்த தட்டு வருது பாருங்க. ஏதோ நீல கலர்ல.

— நீலமா வந்தாலும் சரி, பச்சையா வந்தாலும் சரி. "என் பேரன் மேல அந்த ஆளோட நிழல்கூடப் படக் கூடாது"ன்னு போன்ல அழுதீங்களே அக்கா? நான் பதறிப்போய், தலைகூடத் துவட்டாம ஓடி வந்தேனே?

— அன்னிக்கு வெங்காயம் நறுக்கிட்டிருந்தேன், கேட்டியா...

— டேய் ஸ்டூடியோ, நீ? "அந்தம்மா என் போர்டு மேல அழுக்குத் தண்ணியை ஊத்திட்டாங்க, உடனே வாங்க"ன்ன. வந்து பார்த்தா போர்டு பளபளன்னு இருந்துச்சு. "துடைச்சுட்டேன் மாஸ்டர், வந்ததுதான் வந்தீங்க, ஒரு டீ குடிங்க"ன்ன. நானும் மக்கு மாதிரி ரெண்டு டீ குடிச்சுட்டு, உனக்கு ஆறுதல் வேற சொல்லிட்டுப் போனேன்.

— நல்ல டீ மாஸ்டர் அது.

— டீயை விடுடா! எனக்குத் தலை சுத்துது. இந்தத் தட்டுல கல்லு எது, கிழங்கு எதுன்னே தெரியல, இப்ப உங்க சண்டையிலயும் தெரியல. பகல் முழுக்க என் பொழப்பு என்ன? வலது பக்கம் கையைக் காட்டிட்டு இடது பக்கம் திரும்பற ஆளுங்களோட உட்கார்றது. அந்த வண்டியிலயாவது என் காலுக்கடியில தனியா ஒரு பிரேக் இருக்கும். இந்த மேஜைக்கடியில காலால துழாவித் துழாவிப் பார்க்கறேன், ஒண்ணும் அகப்படல.

— அது என் கால் மாஸ்டர்.

— சிரிக்காத. எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு. ஊர்ல எல்லாரும் என்னைக் கோமாளிம்பாங்க, நானும் ஆமாம்பேன். ஆனா ஒரே ஒரு வேலை ஒழுங்கா செய்யறோம்னு நினைச்சிருந்தேன். ரெண்டு நல்லவங்க அடிச்சுக்கறாங்க, நாம போய்ச் சேர்த்துவெக்கணும்னு. என் வீட்டுக்காரி இருந்திருந்தா இதை ஒரே நாள்ல முடிச்சிருப்பா. உங்க ரெண்டு பேர் காதையும் பிடிச்சுத் திருகி, ஒரே இலையில உட்கார வெச்சிருப்பா.

— செஞ்சிருப்பா தம்பி. அவ செஞ்சிருப்பா.

— அவளுக்கு அந்தக் குறை இருந்துச்சு. கடைசி வரைக்கும் கேட்டா, "அவங்க பேசிக்கிறாங்களா"ன்னு. அவ போன அன்னிக்குக்கூட நீங்க ரெண்டு பேரும் முகம் கொடுத்து நின்னு நான் பார்க்கல. நீங்க அடுப்படியை விட்டு வெளிய வரல. இவன் என் கண்ணுலயே படல.

— மாஸ்டர், தண்ணி குடிங்க.

— எனக்கு வேண்டாம். அதுக்கப்புறம் எனக்கு என்ன இருந்துச்சு? வண்டியை ஷெட்ல போட்டு மூடிட்டேன். போர்டை உள்ளே எடுத்துவெச்சுட்டேன். ஜன்னல்கூடத் திறக்கல. அக்கா சாப்பாடு கொடுத்தனுப்பினா திருப்பி அனுப்பினேன். இவன் வந்து கதவைத் தட்டினா தூங்கற மாதிரி படுத்திருந்தேன். என்னை அசைச்சது உங்க சண்டைதான். "உடனே வா தம்பி, இந்த ஆளை நாலு கேள்வி கேளு"ன்னு உங்க போன் வந்தா மட்டும் முகம் கழுவிக்கிட்டு, சட்டையை மாத்திக்கிட்டு வருவேன். வேற எதுக்கும் அப்ப நான் சட்டை மாத்தினதில்ல. அதனாலதான் கேக்கறேன். என்னை வெச்சு விளையாடினீங்களா?

— விளையாட்டு இல்ல மாஸ்டர்.

— பின்ன என்ன? ஏன் இப்படி ஒருத்தரையொருத்தர் பார்க்கறீங்க?

— அக்கா, நீங்களே சொல்லிடுங்க.

— நீ சொல்லு. உனக்குத்தான் வாய் ஜாஸ்தி.

— என்னால முடியலைக்கா. வாயில கிழங்கு இருக்கு.

— கல்லை முழுங்கிட்டியாடா?

— இல்ல மாஸ்டர்.

— அப்ப யாராவது ஒருத்தர் நேரா சொல்லுங்க. சுத்தி வளைக்காம, புகை போடாம. அக்கா, நீங்க பொய் சொன்னா உங்க மூக்கு விடைக்கும், எனக்குத் தெரியும். என்னைப் பார்த்துச் சொல்லுங்க. நீங்களும் இவனும் பேசிக்கிறீங்களா?

— பேசிக்கிறோம்.

— எப்பலேர்ந்து? பேரன் பிறந்ததுலேர்ந்தா?

— அதுக்கும் முன்னாடி.

— அப்ப ஏன்க்கா என்கிட்ட மறைச்சீங்க?

— உன் வீட்டுக்காரி போன அன்னிக்கு, வந்தவங்களுக்கு டீ போட உன் அடுப்படியில நின்னேன் பாரு, அங்க இந்த ஆளு வந்து "அக்கா, சர்க்கரை டப்பா எங்கக்கா"ன்னு கேட்டு உடைஞ்சு அழுதப்பவே எங்க சண்டை முடிஞ்சுபோச்சு தம்பி. அதுக்கப்புறம் நாங்க போட்ட சண்டையெல்லாம் நீ கதவைத் திறந்து, சட்டையை மாத்திக்கிட்டு வெளிய வரணும்னு போட்டது.