வேலியேத்தம்

இல்லீங்க வக்கீலய்யா, அந்த ஒத்த வரிய நான் சொல்றதுக்கு முந்தி சேலை போன கதையச் சொல்லியாகோணும். ஏனுங்க சிரிக்கறீங்க? குதிரை செத்த கேசுல சேலை எங்கிருந்து வந்துச்சுன்னா? வருதுங்க. அவிய, எங்கூட்டுக்காரரு, உங்க குமஸ்தங்கூட முத்திரப் பேப்பரு வாங்கப் போயிருக்கறாங்க. அப்படியே ஒரு சாயாவும் குடிச்சுப்போட்டுத்தான் வருவாங்க. அதுக்குள்ள சொல்லிப்போடறேன். அவிய இருந்தா என்னையப் பேச உடமாட்டாங்க.

எம்பேருங்களா? பூவாத்தாளுங்க. எங்கூட்டுக்காரரு பேரா? அவியளே சொல்லியிருப்பாங்களே. சொல்லலீங்களா? நான் வாயில சொல்றதில்லீங்க. கண்ணாலம் ஆன நாள்ல இருந்து ஒருக்காக் கூட சொன்னதில்ல. குத்தாலத்துக்குப் பக்கத்துல ரயிலு போற ஊரு ஒண்ணு இருக்குதுல்லீங்க, மலையடிவாரத்துல, கோட்டைன்னு முடியும்? ஆமாங்க, அதேதான். அதுக்குப் பின்னால ஒரு அய்யனச் சேத்துக்குங்க. சேத்துட்டீங்களா? நல்லதுங்க.

நீங்க கேக்கற வரி எனக்கு மனப்பாடமுங்க. கொழிஞ்சாம்பாறையில பஸ் ஏறுனதுல இருந்து இந்தச் சித்தூர்ல எறங்கற வரைக்கும் அதையேதான் சொல்லிக் குடுத்துட்டு வந்தாங்க. கோர்ட்டுல மலையாளத்துல சொல்லோணுமாமா. குதிரைக்காரன் முன்னறியிப்பு ஒண்ணும் தந்தில்லா. அந்தாளு முன்கூட்டி எச்சரிக்கவே இல்லீன்னு நான் சொல்லோணுமாமா. பாருங்க, தெளிவாச் சொல்றேன்ல? கண்டக்டரே திரும்பிப் பாத்து, என்னம்மா நாடகத்துல சேந்துட்டியான்னு கேட்டாரு. எனக்கு மானம் போயிருச்சு.

இருங்க, சொல்றனுங்க. மொதல்லருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும்.

உச்சவரம்புக்கு மேல இருக்கற மிச்சபூமின்னு சர்க்காரு எங்க தோட்டத்துல பாதிய அளந்து எடுத்துட்டுப் போனதுல இருந்து அவியளுக்கு மனசு ஒரு எடத்துல நிக்கறதில்லீங்க. வாய்க்கா மேல நடந்து போனா இப்ப நாலு பேருல ஒருத்தரு. குதிரை, எங்க செவலை, அது மேல ஏறி உக்காந்துட்டா மறுக்கா பழைய பண்ணாடி. அதுக்கோசரமே சும்மா சும்மா ஏறுவாங்க. தீப்பெட்டி வாங்கக் கூட குதிரையில போவாங்க. அதுல நான் குத்தம் சொல்லலீங்க. நல்லா ஓட்டுவாங்க, பொய் சொல்லப்படாது.

அப்பத்தான் பொள்ளாச்சியில இருந்து சிநேகிதருங்க ரெண்டு பேரு வந்தாங்க. பொன்னானிக்கு அந்தப் பக்கம் கடலோரத்துல ஒரு ஆளு இருக்கறான், லீவுக்கு வர்றவியளக் குதிரையில கூட்டிக்கிட்டு கரையோரமாவே போவான், புதுசாப் பழகறவியளுக்கு எடமில்ல, நல்லா ஓட்டத் தெரிஞ்ச ஆளுகளத்தான் சேப்பான்னாங்க. அந்தத் தெரிஞ்ச ஆளுங்கற பேச்சு இருக்குதே, அதுதான் இவியளப் புடிச்சுக்கிச்சு. கூலிக் குதிரையில நான் ஏற மாட்டேன்னு செவலைய லாரியில ஏத்தியாச்சு. கண்ட பக்கம் தின்னா வயித்துக்கு ஒத்துக்காதுன்னு என்னையும் ஏத்தியாச்சு. ஆமாங்க, சமைக்கத்தான். பின்ன, கடலு பாக்கவா கூட்டிக்கிட்டுப் போவாங்க?

அந்தக் குதிரைக்காரரு பேரு சுவக்கீனுங்க. தமிழாளுதான், வேதக்காரரு. வண்டிப்பெரியார்ல தேயிலை எஸ்டேட்டுல தொரைமாரு குதிரையப் பாத்துட்டு இருந்தவராமா. தொரைமாரு போயி, ஜீப்பு வந்து, லாயத்த மூடுனப்ப, மிச்சமிருந்த நாலு குதிரைய வாங்கிட்டுக் கடலோரத்துக்கு வந்துட்டாரு. சம்சாரம் மதலேனம்மாளும் கூட வந்து புல்லறுத்துப் போடுது.

நல்லவருன்னு நான் சொல்ல வரலீங்க. எனக்கும் அந்தாளக் கண்டாலே எரிச்சலுதான். கழுத்துல ஒரு விசிலக் கட்டிக்கிட்டு, முன்னால அவரு, பின்னால இவிய மூணு பேரும் வரோணும். ஒரு விசிலடிச்சா மெதுவா, ரெண்டடிச்சா நில்லு. ஆரும் அவரத் தாண்டிப் போகப்படாது. இஸ்கோல் புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போற வாத்தியாராட்டம். எங்கூட்டுக்காரருக்கு அது பொறுக்குமுங்களா? இன்னொருத்தன் குதிரை வாலப் பாத்துட்டுப் போறதுக்கா நான் வந்தேன்னு மொத நாளே மொணங்குனாங்க. அந்தாளு பேச்சும் ஒரு தினுசு. வாரீக, போறீகன்னு தெக்கத்தித் தமிழு. கடல் சமாச்சாரம் வந்தா மட்டும் நடுவுல மலையாளம் வந்து உழுந்துரும். ஏனுங்க இப்படிப் பேசறீங்கன்னு கேட்டேன். நான் மலையில பொறந்தவன் தாயி, கடல இங்கன வந்துதான பாத்தேன், இந்த ஊருக்காரங்க சொன்ன பேருதான் எனக்குத் தெரியும்னாரு. அதுவும் செரிதானுங்களே. நம்மளுக்கு மட்டும் என்ன தெரியும்? நானும் இருவது வருசமா மலையாளத்துக் கடையில சாமான் வாங்கறவதான். உப்பு, புளி, கோர்ட்டு, கச்சேரி எல்லாத்துக்கும் மலையாளம் வரும். கடலுக்கு வராது.

இப்பத்தான் சேலை வருதுங்க. கடியாரத்தப் பாக்காதீங்க, சட்டுனு முடிச்சுப்போடறேன்.

கடலோரம் போயிச் சேந்த மக்யா நாளு, சேலையத் தொவச்சு மணல்ல விரிச்சுப் போட்டேன். நல்ல சேலைங்க, கோயமுத்தூர்ல எடுத்தது. அந்த வழியா மீன் கூடையோட ஒரு பொம்பள வந்துச்சு. என்னையப் பாத்து, வேலியேற்றமாணு, வேலியேற்றமாணுன்னு கத்துது. நான் என்ன நெனச்சேன்னா, வேலியில ஏத்திப் போடச் சொல்லுதாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். சுத்திமுத்தும் பாத்தா ஒரு முள்ளுவேலி கூட இல்ல. வேலிக்கு நான் எங்க போறது, மணலே போதும்னு சொல்லிப்போட்டு அரிசி களையப் போயிட்டேன். திரும்பி வந்தா சேலையக் காணோம். சேலை விரிச்ச எடத்துல கடலு நிக்குது!

அந்த மீன்காரம்மா சிரிச்சுச் சிரிச்சு, கையத் தரையில இருந்து மேல தூக்கித் தூக்கிக் காட்டி, கடலு கேறும், கடலு எறங்கும்னு வெளங்க வெச்சுது. கடலு மேல ஏறி வர்றதுக்குத்தான் அங்கத்து ஆளுக வேலியேற்றம்ங்கறாங்க. நம்ம வேலி இல்லீங்க அது. உங்களுக்குத் தெரியுமா? நீங்க படிச்சவிய. எங்களுக்கு எங்கிருந்து தெரியும், எங்க வாய்க்காத் தண்ணி மேல ஏறி வந்து சேலையத் தூக்கிட்டுப் போகுமா?

அன்னிக்குச் சோறு போடறப்ப அவியகிட்டச் சொல்ல வந்தேன். ஏனுங்க, இங்க வேலின்னா வேலி இல்லீங்கன்னு ஆரம்பிச்சேன். உன்ற சேலைக் கதைய நிறுத்து, மனுசன் சாப்படறதா வேண்டாமான்னாங்க. நிறுத்திட்டேன். என்ற பேச்சு எப்பவுமே பாதியிலதான் நிக்குமுங்க. இப்பக் கூட பாருங்க, நீங்க பேனா மூடியத் தொறந்து தொறந்து மூடறீங்க.

செரி, குதிரைக்கு வர்றேன். செவலை கடலப் பாத்து மொத நாளு நெம்பப் பயந்துக்கிச்சு. நொரை காலுகிட்ட வந்தாப் போதும், நாலு காலையும் ஒண்ணாத் தூக்கும். சுவக்கீன் அது கூடவே ஈர மணல்ல நடந்து நடந்து, கழுத்தத் தடவிக் குடுத்துப் பழக்குனாரு. அந்தாளு மேல எரிச்சல் இருந்தாலும், இதச் சொல்லித்தான் ஆகோணும். மக்யா நாளு பாத்தா, குதிரை அலைக்குப் பக்கத்துல அதும்பாட்டுக்கு நிக்குது. அதப் பாத்தப்ப எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு.

மூணாம் நாளு சோத்துப்போசியத் தூக்கிட்டு நானும் கரைக்குப் போனேன். எல்லாரும் படகு நெழல்ல உக்காந்து தின்னாங்க. அங்க ஆறு வந்து கடல்ல சேருதுங்க. நம்ம சித்தூர் ஆத்துத் தண்ணிதானாமா அது, சுத்தி வளைச்சு அங்க வருதாமா. ஆத்து வாயில மணல் திட்டு ஒண்ணு நீளமாப் போகுது. அந்தக் கோடி வரைக்கும் போலாமான்னு சிநேகிதருல ஒருத்தரு கேட்டாரு. சுவக்கீன் ஏதோ சொன்னாரு. என்ன சொன்னாரா? அதப் பொறவு சொல்றனுங்க, மறக்க மாட்டேன்.

அவிய எந்திரிச்சாங்க. மீசையத் தடவிக்கிட்டு, இது எங்க தோட்டத்துக் கள்ளி வேலியவே தாண்டுன குதிரைன்னாங்க. சிநேகிதருங்க கை தட்டுனாங்க. அந்தக் கை தட்டறது ஒண்ணு போதுமுங்க அவியளுக்கு. செவலைய ஒரு தட்டுத் தட்டி உட்டாங்க பாருங்க, விசிலுச் சத்தம் பின்னாலயே நின்னு போச்சு. திட்டு மேல போயி, அங்கயும் இங்கயும் திருப்பித் திருப்பி என்னமோ தேடறாங்க. எதத் தேடறாங்கன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.

அப்பறம் ஏறிருச்சுங்க. கடலு ஏறிருச்சு. இந்தப் பக்கம், கரைக்கும் திட்டுக்கும் நடுவுல முழங்காலளவு இருந்தது, பாத்துட்டு இருக்கவே இடுப்பளவு ஆயிருச்சு. அவிய திரும்பி எறங்குனாங்க. அடியில ஒரே சேறு. குதிரைக்கு முன்னங்காலு ரெண்டும் பொதைஞ்சு போச்சு. சுவக்கீன் இடுப்புல கயித்தக் கட்டிக்கிட்டு, போட்ட துணியோட நீந்திப் போயி, இவியளச் சேணத்துல இருந்து புடுங்கி, மீன்காரங்க தள்ளிட்டு வந்த படகுல போட்டாரு. மறுக்கா குதிரைக்குப் போனாரு. போயி போயி வந்தாரு. முடியலீங்க. நான் கரையில நின்னு செவலை, செவலைன்னு கத்தறேன். அந்தத் தண்ணிக்குள்ளயும் என்ற சத்தம் வந்த பக்கம் காதத் திருப்புச்சுங்க.

தண்ணி வேண்டாமுங்க. ஒண்ணுமில்ல. இன்னிக்குக் காலையில கூட பழக்கத்துல கொள்ளு ஊற வெச்சுப்போட்டேன். ஊற வெச்சுப்போட்டு லாயத்தப் பாத்து நின்னேன்.

என்னது, சுவக்கீன் என்ன சொன்னாருங்களா? சொல்றேன். அங்கிட்டுத் திட்டு மேல போகாதீக, வேலியேத்தம் வர்ற நேரம், நான் சொன்னாக் கேளுகன்னாரு. இதத்தான் சொன்னாரு. எல்லாஞ் செந்தமிழு, அந்த ஒத்தச் சொல்லு மட்டும் மலையாளம். இவிய அதையும் தமிழாக் கேட்டாங்க. வேலி ஏறோணுமாமான்னு சிரிச்சாங்க. திட்டு மேல போயித் தேடுனதும் அந்த வேலியத்தானுங்க.

ஆமாங்க, அவியளுக்கு வெளங்கலதான். வெளங்காதத முன்னறியிப்புன்னு சொல்ல முடியாதுங்கறீங்களா? நீங்க நல்லாப் பாயிண்டு புடிக்கறீங்க. ஆனா அங்க இன்னொரு ஆளும் இருந்தாங்களே. நான் இருந்தேன். போசியக் கீழ வெச்சுப்போட்டு ஓடிப் போயி கடிவாளத்தப் புடிச்சேன். ஏனுங்க, அது நம்ம வேலி இல்லீங்க, கடலு ஏறி வர்றதச் சொல்றாருங்க, என்ற சேலை அதுலதான் போச்சுன்னு முழுசாச் சொன்னேன். அன்னிக்கு ஒரு நாளுதான் பாதியில நிறுத்தல. சிநேகிதருங்க முன்னால அவிய என்ன சொன்னாங்க தெரியுமுங்களா? உனக்கென்ன தெரியும், போயி போசியக் கழுவுன்னாங்க. கடிவாளத்துல இருந்து என்ற கைய எடுத்து உட்டாங்க. நான் போயிக் கழுவுனேன்.

அவிய கெட்ட மனுசரில்லீங்க. ஊருக்கு வந்ததுல இருந்து லாயத்துப் பக்கமே போகல, கண்ணத் தொடச்சுக்கறத நான் பாத்தேன். தன்ற தப்புன்னு ஒத்துக்கிட்டா ஒடைஞ்சு போயிருவாங்க. அதனால சுவக்கீன ஒடைக்கப் பாக்கறாங்க. கேசு அவரு தலையில உழுந்தா அந்தாளு நாலு குதிரையவும் வித்துப்போட்டு மறுக்கா எஸ்டேட்டுல மூட்டை தூக்கப் போகோணும். உசுர எடுத்துக் குடுத்ததுக்கு அதுவா கூலி?

அதனால அந்த வரிய நான் சொல்ல மாட்டேனுங்க. மலையாளத்துலயும் மாட்டேன், தமிழுலயும் மாட்டேன். நான் சொல்லலீன்னா கேசு நிக்காதுங்களா? நிக்காட்டி உக்காரட்டுமுங்க.

இன்னொண்ணு. இத்தனை கேட்டீங்க, குதிரை ஆருதுன்னு கேக்கலையே? அவியளுதுன்னு அவிய சொல்லி எழுதிட்டீங்களாக்கும். எங்கப்பன் அந்தியூர்ச் சந்தையில குட்டியா வாங்கி, எங்க ஊட்டு வாசல்ல நின்னு, இது எம்மகளுக்கு, மாப்பளைக்கில்லைன்னு ஒறம்பரை எல்லாத்து முன்னாலயும் சொல்லிப்போட்டுப் போனாரு. ஆரு வேணும்னாலும் ஏறட்டும், சொத்து எம்பொண்ணுதுன்னாரு. ஊரே சாட்சி சொல்லும். அந்தச் சாட்சிக்கெல்லாம் பஸ்ல வெச்சுச் சொல்லிக் குடுக்க வேண்டியதில்லீங்க.

என்னங்க, பேனாவக் கீழ வெச்சுப்போட்டீங்க? அப்படிங்களா. குதிரைக்குச் சொந்தக்காரிதான் கேசு போடோணுமா. அப்ப நான் போடலாமுங்களா? மெய்யாலுமா?

அப்பச் செரி. அந்தப் பேப்பரு வந்தா வீணாகாது. கீழ செருப்புச் சத்தம் கேக்குது, அவியளாத்தான் இருக்கும். கதவச் சாத்த வேண்டாமுங்க, தொறந்தே கெடக்கட்டும். ஆரு மேலன்னு கேக்கறீங்களா? சுவக்கீன் மேல இல்லீங்க. ரயிலு, ஊருன்னு சுத்தவும் வேண்டாம். எழுதிக்குங்க. செங்கோட்டையன்.

ஒழுங்கா எழுதிட்டீங்களா? இன்னொருக்காச் சொல்ல வெக்காதீங்க.