கிராணியார் கொடுக்காத சட்டை

— சட்டை என்னுடையதுதான், பாக்கியம். அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை. அது எப்படிச் செத்தவன் உடம்புக்குப் போனது, அதுதான் கேள்வி.

— அத என்கிட்ட கேட்டா, கிராணி ஐயா? நான் பட்டன் பிஞ்சா தச்சுக் குடுப்பேன். பொணத்துக்குச் சட்டை மாட்டிவிடற வேலையெல்லாம் பாக்கறதில்ல.

— விளையாடாதே. ஸ்டேஷன் வாசல்ல தார்ப்பாய் விரிச்சுப் போட்டு வச்சிருக்கான். காட்டோரம் பட்டாளத்துக்காரன் சுட்டதாம். ரெண்டு மூணு நாள் சதுப்புல கிடந்திருக்கு, முகம் பார்க்கிற மாதிரி இல்லை. அடையாளக் கார்டும் கிடையாது. இன்ஸ்பெக்டர் காலரை மடிச்சு எனக்குக் காட்டினான். டோபி மையில வச்ச குறி. என் வீட்டுத் துணிக்கு வைக்கிற குறி. இந்த ரப்பர் தோட்டத்துல என்னைத் தவிர வேற யார் டோபிக்குப் போடறாங்க?

— அப்ப விசயம் முடிஞ்சுதே. செத்தது நீங்கதான்னு எழுதிட்டுப் போயிருக்கலாம்.

— பாய், நீங்களாவது இந்தப் பொம்பளைக்குச் சொல்லுங்க.

— நான் என்னத்தச் சொல்ல, கிராணியாரே? பழைய துணிக்குப் பீங்கான் மங்கு மாத்துற யாபாரி நான். தெங்கேராவுலேருந்து சைக்கிள் மிதிச்சு வந்தவன வழியில புடிச்சு, 'ஜமாலுதீன், வா கூலிக்காரங்க லயத்துக்கு'ன்னு இழுத்தாந்துட்டீங்க. எதுக்குன்னுகூட இன்னும் சொல்லல லா.

— சொல்றேன். நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வர்றான். அந்தச் சட்டை கடைசியா எந்த வீட்டுல இருந்துச்சுன்னு நான் பதில் சொல்லணும். எந்த வீடோ அந்த வீட்டைக் குடும்பத்தோட லாரியில ஏத்தி முகாம்ல அடைப்பான். ரங்கசாமி வீட்டுக்கு நடந்தது மறந்துபோச்சா?

— மறக்குமா? மகன் காட்டுக்குப் போயி கம்யூனிஸ்டுக்காரங்களோட சேந்துட்டான்னு ஆத்தா, பொண்டாட்டி, கைப்புள்ள வரைக்கும் ஏத்துனாங்க. அடுப்புல உலை கொதிச்சுக்கிட்டு கெடந்துச்சு. நான்தான் போயி அணைச்சேன்.

— அந்த மாதிரி இன்னொரு வீடு போகும். இல்லாவிட்டால் காட்டுக்காரனுக்குத் துணி கொடுத்தவன்னு என் ஆபீஸ் கணக்கு வேலை போகும்.

— உங்க வேலை போனா தோட்டம் தாங்காது, ஐயா. கொஞ்சம் மெல்லமா பேசுங்க. உள்ள எம் மக ஜெயமணி படுத்திருக்கா. நெறமாசம், இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு.

— நான் மெல்லத்தான் பேசறேன். நல்லது செஞ்சவனுக்கு வந்த வினையைப் பாரு. 'எளிய உடை இயக்கம்' யார் ஆரம்பிச்சது? புதுத்துணிக்காகக் கடன்பட வேண்டாம், ஒருவர் உடுத்தியதை மற்றவர் உடுத்தலாம், மாற்றிக்கொள்ளலாம், நெய்தவன் உழைப்பை வீணாக்குவது பாவம் என்று கோயில் மண்டபத்தில் முழங்கியது யார்?

— நீங்கதான். கோட்டுப் போட்டு டை கட்டிக்கிட்டு முழங்கினீங்க. வேர்த்து ஊத்துச்சு. முனியாண்டிதான் பக்கத்துல நின்னு விசிறுனான்.

— முதல் சட்டையை என் கையாலேயே பொதுப்பெட்டியில போட்டேன். அந்தப் போட்டோ ஆபீஸ் சுவத்துல மாட்டியிருந்தது.

— இருந்துச்சா? இப்ப இல்லியா?

— காலையில கழட்டிட்டேன்.

— அக்குள்ல கிழிஞ்ச சட்டைதானே அது, தங்கச்சி? நீலக்கோடு போட்டது. அன்னிக்கே நான் பாத்தேன். என்கிட்ட கொண்டாந்திருந்தா அதுக்கு ஒரு காப்பிக் கோப்பைகூட குடுத்திருக்க மாட்டேன்.

— கிழிசல நான் தச்சுட்டேன், பாய். பெட்டி எங்க வீட்டுலதானே கெடக்கு. வேணுங்கறவங்க தங்களது ஒண்ணப் போட்டுட்டு வேற ஒண்ண எடுத்துட்டுப் போவாங்க. இவரு பேசறதுக்கு ரொம்ப முந்தியே நாங்க அப்படித்தான். அதுக்கு இயக்கம்னு பேருன்னு தெரியாது. இல்லாமைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்.

— உன் வாய்க்குப் பயந்துதான் வேலை வாங்குற தண்டல்கூட இந்தப் பக்கம் வர்றதில்லை. சரி, என்னோட ஸ்டேஷனுக்கு வா. தையலைப் பார்த்து அதே சட்டைதானான்னு சொல்லிடு. ஒருவேளை வேறயாக்கூட இருக்கலாம்.

— நான் வரல.

— பார்த்துட்டு வந்துடலாம்.

— எனக்கு ரத்தம் ஆகாது. மயக்கம் வந்துரும். ஏன்யா, வயசு என்ன இருக்கும்?

— சின்ன வயசுதான். கால்ல செருப்புக்கூட இல்லை.

— இருக்காது. காட்டுல ஏது செருப்பு.

— யார் யார் அந்தச் சட்டையைப் போட்டது? ஒழுங்கா வரிசையா சொல்லு.

— யாரு போடல? அடையாளக் கார்டுக்குப் படம் புடிக்க வந்தாங்களே, அன்னிக்கு நம்ம லயத்து ஆம்பளைங்க பூரா அதுலதான் உக்காந்தாங்க. ஒருத்தன் கழட்டக் கழட்ட அடுத்தவன் மாட்டுனான். கடைசி ஆளுக்கு அது பிழிஞ்ச துணி மாதிரி இருந்துச்சு. இன்ஸ்பெக்டர் கார்டெல்லாம் வாங்கிப் பாத்தா லயத்துல பாதிப் பேரு அவரு தேடுற ஆளுதான்.

— கடவுளே.

— அப்புறம் ஆஸ்பத்திரிக்கு, கோர்ட்டுக்கு, பொண்ணு பாக்க. மாயாண்டி கல்யாணத்துக்கும் அதான். அவன் தடியன். மூச்சப் புடிச்சுக்கிட்டே தாலி கட்டுனான்.

— எனக்குக் கல்யாணக் கதை வேணாம். கடைசியா எடுத்தது யாரு?

— முனியாண்டி.

— ஆ! முனியாண்டி! குடும்பத்தோட கப்பலேறி ஊருக்குப் போயிட்டான். லாரியில ஏத்த ஆளே இல்லை. பார்த்தீங்களா பாய், நிதானமாக விசாரித்தால் உண்மை தானாக வெளிவரும்.

— கிராணியாரே, நாகப்பட்டினத்துல போய் எறங்குனவன் சட்டை, இங்க மலாக்காக் காட்டுல எப்படிச் சுடுபட்டுச்சு?

— விட்டுட்டுப் போயிருக்கலாம்.

— யாருகிட்ட?

— அதுதானேய்யா கேள்வி! ஏன் ரெண்டு பேரும் என்னைச் சுத்தவிட்டு அதே இடத்துல கொண்டாந்து நிறுத்தறீங்க? இரு, இரு. பெட்டி இருக்கிறது உன் வீட்டுல. உன் மகன் நாகமுத்து எங்கே? காலைப் பெரட்டுல அவன் பேரைக் கூப்பிட்டே மாசக்கணக்கு ஆச்சே.

— கிளேபாங்ல இருக்கான். ஒரு மீன்காரர்கிட்ட வலை இழுக்கிறான். பால்வெட்டு புடிக்கலன்னு போனான்.

— கிளேபாங்லயா, தங்கச்சி? நான் வெள்ளிக்கிழமை தவிர தெனம் அந்தக் கரையோரமாத்தான்…

— அங்கதான், பாய்.

— ஆமா. ஆமா, ஆமா. பாத்தேனே. போன வாரம்கூட பாத்தேன், கிராணியாரே. வலை காயப்போட்டுக்கிட்டு நின்னான். வெயில்ல கறுத்துட்டான்.

— சாப்புட்டானா, பாய்?

— சாப்புட்டான், தங்கச்சி. நல்லாச் சாப்புட்டான்.

— சரி, அவனை விடுங்க. பாய், இப்படி வச்சுக்குவோம். சட்டையை நீங்க மங்குக்கு மாத்திக்கிட்டுப் போனீங்க. பாசார்ல எவனுக்கோ வித்தீங்க. பேர் தெரியாது, ஊர் தெரியாது. எல்லாருக்கும் நல்லது.

— எல்லாருக்குமா? காட்டுக்காரனுக்குத் தீப்பெட்டி வித்தான்னு ஒரு கடைக்காரன உள்ள தள்ளிட்டான். முழுச் சட்டை வித்தவன என்ன பண்ணுவான்? எம் மக ஹஃபீஸாவுக்கு நிக்காஹ் வச்சிருக்கேன். நீங்க சொன்ன நல்லதுல நான் எங்க வர்றேன்?

— இத்தன காலம் எனக்கு உனக்குன்னு இழுத்த சட்டை. இப்ப ஆளாளுக்குத் தள்ளிவிடறீங்க.

— வாய் கிழியப் பேசறியே, நீயே ஒரு வழி சொல்லேன்.

— சொல்றேன். அது லயத்துக்கு வரவே இல்ல. உங்க வீட்டுக் கொடியில காஞ்சுது, காணாமப் போச்சு. காட்டுலேருந்து எவனோ வந்து உருவிட்டுப் போயிட்டான். அவ்வளவுதான்.

— நான் தானம் செய்தேனே! அத்தனை பேர் முன்னிலையில்!

— செய்யலன்னு சொல்லுங்க.

— எல்லாரும் பார்த்தாங்களே!

— யாரு கேட்டாலும் நாங்க ஒரே மாதிரி சொல்லிருவோம், ஐயா. கிராணி ஐயா இந்த லயத்துக்கு ஒண்ணுமே குடுத்தது கெடையாதுன்னு. இன்ஸ்பெக்டர் மறுகேள்வி கேக்க மாட்டாரு. பாத்தாலே நம்பிருவாரு.

— அப்ப இயக்கம்?

— இன்னொரு கிழிஞ்ச சட்டை கெடைக்காமலா போயிரும்?

— ம். திருட்டு. நான் திருட்டுக் கொடுத்தவன். பாதிக்கப்பட்டவன். கேட்க நல்லாத்தான் இருக்கு. பாய், நீங்க இன்ஸ்பெக்டரா இருந்து என்னைக் கேளுங்க. ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கிறேன்.

— நானா? சரி. ஏம்ப்பா கிராணி, சட்டை எப்ப காணாமப் போச்சு?

— அன்றொரு நாள் மாலை, கதிரவன் மேற்கே சாயும் வேளையில், என் இல்லத்தின் பின்புறத்தே…

— ஐயா, சட்டை காணாமப் போனவன் இப்படியா பேசுவான்? 'மழைக்கு முந்தி போச்சு துவான்'னு சொல்லுங்க.

— மழைக்கு முந்தி போச்சு, துவான்.

— ஏன் அப்பவே போலீஸ் மாத்தாகிட்ட வந்து சொல்லல?

— பழைய சட்டைதானே, துவான். அதுக்காக அரசாங்கத்தைத் தொந்தரவு செய்வானேன்னு விட்டுட்டேன்.

— இது பரவாயில்ல லா. சரி, சட்டை கெடைச்சிருச்சே, திரும்ப வாங்கிக்கிறியா?

— பாய்! சரியாக் கேட்டீங்க. அதைக் கட்டாயம் கேட்பான். வேணாம்னு சொன்னா, பொருளை இழந்தவன் ஏன் வேணாங்கறான்னு சந்தேகம் வரும். வாங்கித்தான் ஆகணும். சாயங்காலம் புதைக்கப் போறாங்க. அதுக்கு முன்னால கழட்டித் தரச் சொல்றேன்.

— கழட்டியா?

— பின்னே? உள்ளே பனியன்கூட இல்லை, ஒரு அரைக்கால் சிலுவார்தான். அப்படியே குழியில போடட்டும், யார் பார்க்கப் போறாங்க? சட்டையில ரெண்டு மூணு ஓட்டைதான். முன்பக்கம் உதவாது. முதுகும் கையும் அப்படியே இருக்கு. நல்ல துணியை மண்ணுல போடறது என் கொள்கைக்கு விரோதம். பாக்கியம், உன்கிட்டயே தர்றேன். அலசி வெட்டினா ரெண்டு குழந்தைச் சட்டை வரும். உன் மகளுக்கும் நேரம் நெருங்கிடுச்சு.

— அல்லாவே! கிராணியாரே, வாய மூடுங்க.

— உங்களுக்கு ஏன் கோபம் வருது? நீங்க பண்ற யாபாரம்தானே?

— பழசு யாபாரம் உசுரோட இருக்கிறவங்களுக்கு. மௌத்தாயிட்டா எங்க சனத்துல பிச்சைக்காரனுக்கும் புதுத்துணிதான். என் சைக்கிள்ல கொஞ்சம் காடாத்துணி இருக்கு, புதுசு. கொண்டுபோயி மேல போத்தச் சொல்லுங்க. காசு வேணாம்.

— தாராளமா. 'செத்தவன் மேல உனக்கு என்ன அக்கறை, துணி யார் கொடுத்தது?'ன்னு கேட்பான். உங்க பேரைச் சொல்லட்டுமா?

— …வேணாம். என்ன மன்னிச்சிரு, தங்கச்சி. திரும்ப வாங்கிக்கிறியான்னு நான் கேட்டிருக்கக் கூடாது.

— அவகிட்ட எதுக்கு மன்னிப்பு?

— ஐயா, சட்டைய வேணாம்னு சொல்லிருங்க.

— காரணம் கேட்பானே.

— தீட்டுன்னு சொல்லுங்க. பொணத்து மேல கெடந்தத எங்க சாதியில தொடமாட்டோம்னு சொல்லுங்க. உங்கள மாதிரி பெரிய மனுசங்க அப்படிச் சொன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

— தீட்டாவது ஒண்ணாவது! நான் மூடநம்பிக்கையை எதிர்த்து மேடையில பேசறவன்.

— இந்த ஒருவாட்டி பேசாதீங்க, ஐயா. கால்ல விழுறேன். அது உடம்போட இருக்கட்டும்.

— ஏய், என்ன இது, எழுந்திரு. காலை விடு. ஒரு கந்தல் சட்டைக்கா இவ்வளவும்?

— ஈர மண்ணுய்யா. வெத்து உடம்போட எப்படி…

— கிராணியாரே, வாங்க, மணியாச்சு. நடந்துக்கிட்டே பேசுவோம்.

— கையை விடுங்க பாய். பாக்கியம், நிமிர்ந்து என்னைப் பாரு. ஸ்டேஷன்ல கிடக்கிறது யாரு?

— கேக்காதீங்க, ஐயா. உள்ள எம் மக படுத்திருக்கா, அவளால லாரி ஏற முடியாது. இன்னொரு வாட்டி கேட்டீங்கன்னா நான் சொல்லிருவேன்.