கூட்டுரோடுக்கு ஓர் அரைப்பக்கம்

— கண்ணாயிரம் அண்ணே, மொதல்ல அந்த மயில எடுங்க.

— மயிலு இன்னாம்மா பண்ணுச்சி உன்ன?

— இது காதுகுத்து பேனர் இல்லண்ணே. எங்க பாட்டு ஆல்பத்துக்கு விளம்பரம். மாசப் பத்திரிகையில அரைப்பக்கம். மயிலு, தாமரை, தங்க பார்டரு எதுவும் வேணாம்.

— அப்ப இன்னாதான் வேணும்?

— கருப்பு. நடுவுல சின்னதா 'கொண்டை ஊசி'ன்னு ஆல்பம் பேரு. கீழ 'கூட்டுரோடு'ன்னு எங்க பேண்டு பேரு. மீதி காலி.

— காலியா வுட்டா எடம் வாடகைக்குன்னு நெனச்சிக்குவாங்க. இருவது வருசமா கள்ளக்குறிச்சியில கடை வெச்சிக்கினு இருக்கேன், ஒருத்தனும் காலியா வுடுன்னு கேட்டதில்ல. இந்தா, நீங்க மூணு பேரும் நிக்கற போட்டோவப் போட்டு, கூலிங் கிளாஸ் மாட்டி...

— கூலிங் கிளாஸ் எதுக்குண்ணே?

— மாட்டிட்டேன். இந்தப் பகலவன் பையனுக்கு நல்லா இருக்குது பாரு. டிரம்ஸ் அடிக்கறவன் மேரியே கீறான்.

— அவன் டிரம்ஸ்தாண்ணே அடிக்கிறான்! சத்தியமா சொல்றேன், நாலு மணிக்குள்ள அனுப்பலன்னா அந்த எடத்தத் தலைவலித் தைலத்துக்குக் குடுத்துருவாங்க. டிசைன் பண்ணித் தரேன்னு சொன்ன சென்னைக்காரன் காலையிலர்ந்து போன் எடுக்கல.

— அதான பாத்தேன், இல்லன்னா என் கடைக்கு வருவியா? சரி, அவசரப்பட்டா மேட்டர் கெட்டுப்பூடும். இன்னாத்துக்கு கொண்டை ஊசின்னு பேரு? தலையில குத்தறதா?

— வெள்ளிமலை ரோட்டு வளைவுண்ணே. அந்த பஸ்ல போய்க்கினும் வந்துக்கினும்தான் எல்லாப் பாட்டையும் எழுதனோம்.

— ஓகோ. திரும்பு.

— இன்னா?

— அந்தப் பக்கம் திரும்பும்மா. பின்னல முதுகுல வுடு. அசையாத... புடிச்சிட்டேன். இப்ப வந்து பாரு. உம் பின்னலு மேலர்ந்து கீழ வளைஞ்சி வளைஞ்சி எறங்குது. அது மேல குட்டியா ஒரு பஸ்ஸு. சுத்தி கருப்பு.

— அண்ணே...

— பஸ்ஸு வேணாமா?

— பஸ்ஸு இருக்கட்டும்ண்ணே. இப்பிடில்லாம் பண்ணுவீங்களா நீங்க?

— வர்றவங்க காதுகுத்துதான கேக்கறாங்க. சரி, பாட்டப் போடு. காதால கேட்டாத்தான் எனக்கு எழுத்து சைசு வரும்.

— ரெண்டு பாட்டு கேட்டீங்கல்ல, போதும்ண்ணே. மணி மூணாவுது.

— மூணாவது பாட்ட ஏன் தாண்டிப் போன?

— அது சுமாரா இருக்கும்.

— சுமாரான மேட்டரத்தான் மொதல்ல கவனிக்கணும். குடு போன.

— வேணாம்ண்ணே. அண்ணே!

— 'ஆயிரம் கண்ணுல ஒரு கண்ணுக்கும் அந்தக் கொம்பு தெரியலியே...' நல்லாத்தான்மா கீது, தாளம் போட வெக்குது. 'அக்கா கல்யாண வாசலுல அத்தினி பேரையும் அழிச்சானே...'

— நிறுத்துங்கண்ணே, ப்ளீஸ்.

— இரு. ஆயிரம் கண்ணு. கண்ணாயிரம். நானாம்மா இது?

— போனக் குடுங்கண்ணே, நேரமாவுது.

— கச்சிராயபாளையத்து மண்டபம். பத்தடி பேனரு. 'உற்றார் உறவினர் அனைவரையும் அன்புடன் அழைக்கிறோம்'னு வர வேண்டியது, 'அழிக்கிறோம்'னு வந்துட்டுது. நீ கரும்புக்காரரு பொன்னுரங்கம் வூட்டுப் பொண்ணா?

— ரெண்டாவது பொண்ணு, எழில்மதி. அப்ப பத்தாவது படிச்சிக்கினு இருந்தேன். ஜெயசுதா அக்கா மேடையிலயே அழுதுடுச்சி. மாப்ள வூட்டுக்காரங்க தாலி கட்றதப் பாக்காம பேனர் முன்னால நின்னு செல்ஃபி எடுத்துக்கினாங்க. அந்தக் கோவத்துல எழுதனதுண்ணே.

— உங்கக்கா ஒரு நாளு அழுதுச்சி. எனக்கு ஏழு வருசமா டீக்கடையில பேரே 'அழிக்கிறோம்'தான். கல்யாண ஆர்டரு பாதி உளுந்தூர்பேட்டைக்குப் போயிட்டுது.

— மன்னிச்சிருங்கண்ணே. அந்தப் பாட்டத் தூக்கிடறேன். இப்பவே பகலவனுக்குச் சொல்லி...

— தூக்குனா கம்ப்யூட்டர ஆஃப் பண்ணிட்டுப் போய்க்கினே இருப்பேன். இருக்கறதுலயே அதுதான் நல்ல பாட்டு. தள்ளு, மவுஸுக்கு எடம் வுடு.

— இன்னா அடிக்கிறீங்க?

— தலைப்பு.

— 'உற்றார் உறவினர் அனைவரையும் அன்புடன்...' அய்யோ, அண்ணே!

— புடிக்கலயா?

— செமண்ணே! பெருசு பண்ணுங்க. இன்னும் பெருசு!

— ஜாஸ்தி பெருசு பண்ணா காலி எடம் கம்மியாப்பூடுமே?

— போனாப் போவட்டும்! ஆனா பத்திரிகைக்காரங்க எழுத்துப் பிழைன்னு திருத்திட்டா?

— 'இது வேணும்னே பண்ணது, யாரும் கை வெக்காதீங்க'ன்னு மெயில்ல போடு. என் வாழ்க்கையில ஒரு தபாவாவது இத எழுதிக் குடுத்துக்கறேன்.

— போட்டுட்டேன். மூணு அம்பத்தாறு... பாத்துட்டாங்க! 'பிரமாதம், அப்படியே அச்சுக்குப் போகுது'ன்னு பதில் வந்துடுச்சிண்ணே! நான் பண்ண கூத்துக்கு உங்களுக்கு இன்னா செய்யறதுன்னே தெரியல.

— ஒண்ணு செய். பீரோ மேல அட்டைப் பெட்டி கீது பாரு, அத எறக்கு. கஸ்டமரு எழுதிக் குடுக்கற மேட்டரு எதையும் நான் கிழிச்சிப் போடறதில்ல. உங்கப்பா பேரு போட்ட கவரு அடியில கெடக்கும்.

— கெடச்சிடுச்சி. கோடு போட்ட நோட்டுப் பேப்பரு. பச்சை இங்க்கு... அண்ணே, இது என் கையெழுத்து. அப்பா சொல்லச் சொல்ல நான்தான் எழுதனேன்.

— கடைசி வரியப் படி.

— 'உற்றார் உறவினர் அனைவரையும் அன்புடன் அழி...' அய்யய்யோ. இத ஏண்ணே அன்னிக்கே எங்கப்பா கிட்ட காட்டல?

— எங்க காட்றதும்மா? உங்கப்பா என் சட்டையப் புடிச்சி உலுக்கறப்ப இது அந்தப் பாக்கெட்லதான் இருந்துச்சி. சின்னப் பொண்ணு எழுதனதுன்னு அவருதான் சொல்லிக் குடுத்தாரு; எடுத்தா அடி எம்மேலர்ந்து உம்மேல மாறிடும், நீயோ அவரு பின்னால நின்னுக்கினு 'நல்லாக் கேளுப்பா, நல்லாக் கேளு'ன்னு குதிச்சிக்கினு இருந்த.