சட்டையை இழுத்தது தெரியணும்

— சார், இதைக் கண்ணை மூடிக்கிட்டு எடுக்கலாம்.

— கண்ணை மூடிக்கிட்டு எடுக்குறதுக்கு ரேடியோ போதுமே தம்பி, டிவி எதுக்கு? மறுபடி போடு. கோல் போஸ்ட்கிட்ட கூட்டம் சேருதே, அந்த இடம்.

— சார், நீங்க குடுத்த பென்டிரைவை எத்தனை தடவைதான் போடுறது! நம்மகிட்டயே டெமோ இருக்கு சார். பூ, பறவை, கடலு. கலர் அப்படியே கண்ணைப் பறிக்கும்.

— பூவைப் பாக்க நான் தோட்டத்துக்குப் போய்க்குவேன். நீ மேட்சைப் போடு.

— போடு தம்பி. இவர் சொன்னா சொன்னதுதான். காலையிலேர்ந்து கடை கடையா ஏறி இறங்கி என் முட்டி கழண்டு போச்சு. ஒரு நாற்காலி இருந்தா காட்டு, நான் உக்காந்துக்கிட்டே வேடிக்கை பாக்குறேன்.

— இந்தாங்கம்மா, இதுல உக்காருங்க. சாருக்கும் ஒண்ணு போடட்டுமா?

— அவருக்கா? அவருக்குக் கால்ல சக்கரம். வீட்டுல சாப்பிடும்போதே மூணு தடவை எந்திரிப்பார்.

— நீ சும்மா இரு. தம்பி, இங்க பாரு. பந்துக்கு வால் முளைச்சிருக்கு.

— இந்த விலைக்குப் பேனல் அப்படித்தான் சார் வரும். வேகமா ஓடுற காட்சியில லேசா இழுக்கும்.

— லேசாவா? பந்து போய்ச் சேர்ந்த அப்புறம் அதோட நிழல் ஆட்டோ பிடிச்சு வருது! அடுத்ததைக் காட்டு.

— இது அம்பத்தஞ்சு இஞ்சு. இந்த வாரம்தான் விலை இறங்கியிருக்கு. ஓரமே தெரியாத ஸ்கிரீன், போன்ல இருக்குறதை அப்படியே இதுல போட்டுப் பாக்கலாம், பேசினாலே சேனல் மாறும்.

— நான் பேசியே இவர் மாறலை, அது மாறுதா? நல்லா இருக்கே கதை. ஆனா தம்பி, நான் உக்காந்திருக்குற பக்கத்துலேர்ந்து பாத்தா எல்லாரும் சோகை பிடிச்ச மாதிரி வெளுத்துத் தெரியுறாங்க.

— நேரா உக்காந்து பாத்தா அப்படி இருக்காதும்மா.

— குடும்பத்துல எல்லாரும் ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்தா பாக்க முடியும்? என்னங்க, எங்க கிளம்பிட்டீங்க?

— அந்தக் கடைசி வரிசையில ஒண்ணு நல்லா பளிச்சுனு இருக்கு. பாத்துட்டு வரேன்.

— போங்க, போங்க. நின்ன இடத்துல நிக்காதீங்க.

— அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. வர்றவங்கல்லாம் கலர் பாப்பாங்க, சவுண்டு கேப்பாங்க. சார் ஒரே இடத்தைத் திருப்பித் திருப்பிப் போடச் சொல்றாரு. அதுல அப்படி என்னதான் பாக்குறாரு?

— கறுப்புச் சட்டை போட்டு ஓடுறாளே, அந்த ரெஃப்ரீ. அவளைத்தான்.

— ஓ, அந்த அம்மாவா! போன வாரம் ஊரே திட்டுச்சேம்மா. கண்ணெதிர்ல நடந்த ஃபவுலுக்குப் பெனால்டி குடுக்காம விட்டுட்டாங்க. கண்ணைப் பொடனியில வச்சிருந்தாங்களோ என்னவோ...

— என் பொண்ணு தம்பி அவ, சிட்டு.

— ஐயோ. சாரிம்மா. நான் ஏதோ வாய்க்கு வந்ததை...

— விடு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

— அப்போ சார் பெருமையாத்தான் பாக்குறாருன்னு சொல்லுங்க.

— பெருமையாவா? அவகிட்ட இவர் பேசி நாலு வருஷம் ஆகுது. வீட்டுல அவ பேரை எடுத்தா தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சிடுவார்.

— எதுக்கும்மா?

— இவர் பஸ் டிப்போவுல மெக்கானிக்கு. வேலை முடிஞ்சா டிப்போ டீமுக்குக் கோச். பொண்ணு நடக்க ஆரம்பிச்சதுலேர்ந்து இவர் இடுப்புலயும் மைதானத்துலயும்தான் கிடந்தா. ஃபவுல்னா என்ன, ஹேண்டுபால்னா என்னன்னு சோத்தோட பிசைஞ்சு ஊட்டினார். அவ ரெஃப்ரீ பரீட்சையில பாஸானப்போ தெரு பூரா மிட்டாய் குடுத்தார்னா பாத்துக்கோ.

— அப்புறம் என்ன ஆச்சு?

— டிப்போ டீம் முதல் தடவையா ஃபைனலுக்கு வந்துது. விசில் ஊத வேண்டியவருக்குக் காய்ச்சல். இவளை அனுப்பிட்டாங்க. அப்பன் கோச்சு, மக ரெஃப்ரீயா, இது என்ன நியாயம்னு எதிர் டீம்காரன் குதிச்சான். இவர் நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போய், என் மக எமனே வந்து ஆடினாலும் ஃபவுல்னா ஃபவுல்தான்னு ஊதுவான்னார். எமன் வரலை. அவ அப்பனுக்கே எதிரா ஊதிட்டா.

— அடடா. பெனால்டியா?

— கடைசி நிமிஷத்துல. தோத்துட்டாங்க. டிப்போவுல ஆளாளுக்கு ஜாடை பேசினாங்க. அந்தக் கோவத்தோட வீட்டுக்கு வந்தவர், விசில் ஊதுறவளுக்கு இங்க இடமில்லைன்னுட்டார். அவளும் இவர் மகதானே? பையை எடுத்துக்கிட்டு இறங்கிட்டா.

— அந்தப் பெனால்டி சரியாம்மா, தப்பா?

— அதை இதுவரைக்கும் நான் கேக்கலை. கேட்டு என்ன பண்ண? சரின்னா இவருக்கு வலிக்கும், தப்புன்னா எனக்கு வலிக்கும்.

— தம்பி! ஏய் தம்பி! இங்க வா, சீக்கிரம்!

— இதோ வந்துட்டேன் சார்!

— இந்த அறுபத்தஞ்சுல போடு. ம்... ஓடட்டும்... நிறுத்து! கொஞ்சம் பின்னால தள்ளு. அங்கதான், நிறுத்து. அந்த ஏழாம் நம்பர்காரன் கையைப் பாரு.

— கை... அட! பின்னாலேர்ந்து சட்டையைப் பிடிச்சு இழுக்குறான் சார்!

— இழுக்குறான்ல?

— விரலே தெரியுது சார். நான் அன்னிக்கு வீட்டுல பாத்தப்போ ஆள் விழுந்தது மட்டும்தான் தெரிஞ்சுது.

— சின்ன டிவியில அப்படித்தான் தெரியும். போன்ல பாத்தா கேக்கவே வேணாம், ரெண்டு எறும்பு சண்டை போடுற மாதிரி இருக்கும். சரி, இப்போ அந்த ரெஃப்ரீ எங்க நிக்குதுன்னு பாரு.

— நிக்குதா? அது என்னங்க, ஆடா மாடா?

— நீ ஏன் எந்திரிச்சு வந்தே? முட்டி வலின்னியே.

— முட்டியைவிட நெஞ்சு வலிக்குது, அதான் வந்தேன். இதுக்குத்தானா இத்தனை கடை ஏறினீங்க? ஊரு உலகத்துல எவனெவனோ அவளைத் திட்டித் தீத்துட்டான். அது போதாதுன்னு மக தப்பை அறுபத்தஞ்சு இஞ்சுல மாட்டி வச்சு, காலையும் மாலையும் பாத்து ரசிக்கணுமா உங்களுக்கு?

— கடைக்குள்ள கத்தாதே.

— கத்துவேன். பழைய டிவி நல்லாத்தான் ஓடுது, எதுக்கு இந்த ஆள் திடீர்னு பெரிய டிவி, பெரிய டிவின்னு பறக்குறாருன்னு நெனச்சேன். இப்பல்ல புரியுது! அன்னிக்கு உங்க டீமுக்கு எதிரா ஊதினா, ஆகாதவ ஆயிட்டா. இன்னிக்கு ஊதாம விட்டா, அதையும் பிடிச்சுக்கிட்டீங்க. அவ என்னதான் பண்ணணும்? விசிலை முழுங்கிடணுமா?

— சார்... அம்மா... ஒரு டீ சொல்லட்டுமா?

— வேணாம் தம்பி. பில்லைப் போடு. இதையே எடுத்துக்குறேன்.

— நான் சொல்லச் சொல்லவா? எங்க வைக்கப் போறீங்க இதை? கூடத்துல அலமாரியைத் தூக்கி என் தலையில வைப்பீங்களா?

— அலமாரி இருக்குற இடத்துல இருக்கட்டும்.

— இந்த டிவி வீட்டுக்குள்ள வந்தா நான் அந்தக் கூடத்துல கால் வைக்க மாட்டேன். தம்பி சாட்சி.

— சார், நான் வேணா இதை ஓரமா எடுத்து வைக்கிறேன். வீட்டுல கலந்து பேசிட்டு நாளைக்கு...

— நாளைக்குன்னா நாளைக்கு மறுநாள்னு ஆயிடும். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். இன்னிக்கே அனுப்ப முடியுமா?

— சாயந்திரம் வண்டி இருக்கு சார். ஆளுங்களே வந்து மாட்டிக் குடுத்துடுவாங்க. விலாசம் சொல்லுங்க.

— எழுதிக்கோ. பெரிய தண்ணி டேங்க் இருக்குல்ல, அதுக்குப் பின்னால மஞ்சள் கட்டடம். மூணாவது மாடி, கடைசிக் கதவு. லிஃப்ட் கிடையாது. படி குறுகல், திருப்பத்துல பெட்டியை நிமித்தித்தான் ஏத்தணும். அவசரப்பட்டு இடிச்சுடப் போறாங்க, சொல்லி அனுப்பு.

— என்னங்க...

— கீழ ஒரு நாய் இருக்கும். குலைக்கும், கடிக்காது.

— என்னங்க, இது சிட்டு வீடு.

— தெரியாமயா சொல்றேன்?

— அவளுக்கா இந்த டிவி?

— பின்ன எனக்கா? எனக்கு எதுக்கு, நான்தான் பாத்துட்டேனே. ஊரு பூரா அவ கண்ணைத்தான் குறை சொல்லுது. அவ கண்ணு தப்பாது. நின்ன இடம்தான் தப்பு. நடுவுல ஒருத்தன் மறைச்சுட்டான். ரெண்டு எட்டு இடது பக்கம் போயிருந்தா அந்தக் கை தெரிஞ்சிருக்கும். இதை அவ போன்ல பாத்தா ஒண்ணும் விளங்காது. தன் கண்ணையே சந்தேகப்பட ஆரம்பிச்சிடுவா. ஒரு தடவை சந்தேகம் வந்துட்டா அப்புறம் விசில் வாய்க்கே போகாது.

— அந்த வீடு உங்களுக்கு எப்படித் தெரியும்?

— நீ ஞாயித்துக்கிழமையானா தங்கச்சி வீட்டுக்குன்னு சொல்லிட்டுக் கிளம்புவியே. உன் தங்கச்சி வீட்டுக்கு அந்த பஸ் போகாது.

— பின்னாலயே வந்தீங்களா?

— பின்படியில நின்னுக்கிட்டு வருவேன், நீ மேல ஏறினதும் கீழ தெருவுல நிப்பேன். நீ திரும்பிப் பாக்குற ஆள் இல்லையே.

— கடவுளே. இத்தனை நாளா...

— சார், மன்னிச்சுக்குங்க. ஆளுங்க போனா வீட்டுல யார் இருப்பாங்க? மணி அடிச்சாப் போதுமா?

— சிட்டு இருப்பா. மணி அடிக்காது தம்பி, வயர் அறுந்திருக்கு. கதவைத் தட்டச் சொல்லு.

— அது கெட்டுப் போய் ஆறு மாசம்கூட ஆகலையே. கீழ தெருவுல நின்னவருக்கு மேல மணி அடிக்காதது எப்படித் தெரிஞ்சுது?

— அமுக்கிப் பாத்தேன். தட்டத்தான் கை வரலை.